கூட்டப் பதிவை எழுத்தாக்கும் ஏஐ செயலி: யாரும் பேசாததெல்லாம் மினிட்ஸில் வருகிறது, எங்கே சரிசெய்வது?

மஞ்சள்மேடு கேட்டது:

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி அலுவலகத்திலிருந்து கேட்கிறேன். இயக்குநர் குழுக் கூட்டம் நடந்தால் 30 நாளுக்குள் மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) புத்தகத்தில் ஏறியாக வேண்டும். கூட்டம் இரண்டு மணி நேரம், பத்துப் பேர், பேச்சு கொங்குத் தமிழ். நடுநடுவே ஜிஎஸ்டி, ஷேர் கேபிடல், இன்வாய்ஸ், மாய்ஸ்சர் என்று ஆங்கிலம். பேச்சை எழுத்தாக்கிக் குறிப்பும் எடுத்துத் தரும் ஒரு செயலிக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். பெயர் வேண்டாம். உள்ளே விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாடல்தான் ஓடுகிறது என்று அவர்கள் உதவிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

பதிவு செய்யும் முறை: மேசை நடுவே ஒரு ஆண்ட்ராய்டு போன். மேலே சீலிங் ஃபேன். செயலியில் ‘சத்தம் நீக்கு’ ஆன், மொழி ‘தானாகக் கண்டறி’.

வரும் கோளாறுகள்:

யாரும் பேசாத இடத்தில் ‘நன்றி வணக்கம்’ என்று வருகிறது. சில இடத்தில் ஒரே வரி எட்டுப் பத்து முறை திரும்ப விழுகிறது.

ஒரு கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. யாரும் ஆங்கிலத்தில் பேசவில்லை. மோசமான ஆங்கிலமும் இல்லை, ஏறக்குறைய மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது.

வேகமாகப் பேசுகிற இடங்களில் நாலைந்து வாக்கியம் காணாமல் போகிறது. இன்னொரு பதிவில் தொடர்ந்து ஆறு நிமிடம் வெறும் குப்பை.

விலையும் தொகையும் தவறு. யார் சொன்னது என்பதும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், சும்மா பேசிவிட்டு விட்டதை ‘முடிவு செய்யப்பட்டது’ என்று சுருக்கம் எழுதுகிறது.

அலுவலகத்தில் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. செயலியை மாற்றுவதா, அமைப்பை மாற்றுவதா, நாங்களே விஸ்பரை ஓட்டுவதா?

---

ஒலிப்பெட்டி பதில்:

எதை மாற்றுவதற்கும் முன்னால் பதிவைச் சரிசெய்யுங்கள். நீங்கள் சொன்னதில் பாதிக் கோளாறு மைக்கிலேயே தொடங்குகிறது.

பேசுகிறவருக்கும் மைக்குக்கும் தூரம் இரட்டித்தால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும். ஓரடியில் உட்கார்ந்தவருக்கும் எட்டடியில் உட்கார்ந்தவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். மூடிய அறையில் எதிரொலி சேர்வதால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் கோணல் அதே பக்கம்தான். ஃபேன் இரைச்சல் மட்டும் யாருக்காகவும் இறங்காது. மேசைக் கோடியில் இருப்பவர் பேசும்போது ஃபேனும் குரலும் ஒரே அளவில் பதிவாகும்.

அதனால் பத்துப் பேருக்கு ஒரு போன் போதாது. மேசையின் இரு கோடியிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி கோடிக்கு ஒரு போனாக இரண்டு வையுங்கள். இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலியில் அந்தத் தட்டலை வைத்து இரண்டு தடத்தையும் ஒரே நேரத்துக்கு நகர்த்திவிடலாம். போனுக்கு அடியில் நாலாக மடித்த துண்டு ஒன்று போடுங்கள். டம்ளர் வைக்கிற ஓசை, பேனா தட்டுவது எல்லாம் மரப்பலகை வழியாகத்தான் மைக்குக்கு வரும். மேசைக்கு நேர் மேலே உள்ள ஃபேனை மட்டும் நிறுத்துங்கள், ஓரத்து ஃபேன்கள் ஓடட்டும்.

‘சத்தம் நீக்கு’ உடனே ஆஃப். அது தூரத்துக் குரலையும் சத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். சொல்லின் தொடக்கத்தையும் வாக்கிய முடிவையும் கடிக்கும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், கடிபடுவது பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய சொல்லாகவே இருக்கும்.

அந்த ஆறு நிமிடக் குப்பைக்கு என் ஊகம் இது. பதிவு செய்த போனுக்கு அப்போது ஒரு அழைப்பு வந்து, யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அழைப்பு நடக்கும்போது மைக் அழைப்புக்குப் போய்விடும். பதிவுச் செயலி நிற்காது, அதற்கு வெறும் மௌனம் மட்டும் கிடைக்கும், அந்த மௌனத்துக்குத்தான் குப்பை எழுதப்பட்டிருக்கும். கோப்பின் நீளம் குறையாததால் யாருக்கும் தெரியாது. சோதிப்பது எளிது: ஆடாசிட்டியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆள் பேசாத அறையிலும் ஃபேன் ஒலியால் அலைக்கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். துளி நடுக்கம் இல்லாமல் நேர்கோடாக இருந்தால் மைக் பிடுங்கப்பட்டது என்று பொருள். அந்தப் பகுதியை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. இனிமேல் பதிவு தொடங்கும்போது ஏர்பிளேன் மோட், பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் ‘கட்டுப்பாடு இல்லை’. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று திரை அணைந்ததும் செயலியைக் கொன்றுவிடும் போன்கள் நிறைய.

புளூடூத் மைக் வேண்டாம். மைக் வேலை செய்யும்போது பல புளூடூத் ஹெட்செட்கள் 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு இறங்கிவிடும், நல்லவை 16 வரை. 8-இல் பதிவானதைப் பின்னால் 16 ஆக மாற்றினாலும் போன ஒலி போனதுதான். ச, ஸ, ஃப எல்லாம் ஒன்றாகக் கேட்கும். போனின் சொந்த மைக்கே மேல்.

---

துண்டுக்கணக்கு பதில்:

ஒலிப்பெட்டி சொன்னதற்குப் பிறகும் மிச்சம் இருப்பதற்கு விஸ்பரின் உள்வேலைதான் காரணம். தெரிந்துகொண்டால் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பது புரியும்.

விஸ்பரை ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது. இணையத்தில் கிடைத்த 6,80,000 மணி நேர ஒலியும் அதற்கான எழுத்தும்தான் பாடம். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்குமாகச் சேர்த்து 1,17,000 மணி நேரம். இது தவிர, பிற மொழிப் பேச்சும் அதற்கு ஆங்கில எழுத்துமாக 1,25,000 மணி நேரம். உங்கள் கூட்டம் ஆங்கிலத்தில் வந்த மர்மம் இங்கேதான் இருக்கிறது. ‘தானாகக் கண்டறி’ என்றால் விஸ்பர் முதல் 30 வினாடியை மட்டும் கேட்டு மொழியைத் தீர்மானிக்கும். அந்த 30 வினாடியில் ‘குட் மார்னிங் சார், மைக் ஓகேவா, ஸ்டார்ட் பண்ணலாமா’ என்று ஓடியிருந்தால் ஆங்கிலம் என்று முத்திரை குத்திவிடும். பிறகு தமிழில் பேசினாலும், பழகின பழக்கத்தில் ஆங்கிலமாக்கி எழுதிக்கொண்டே போகும். மொழியைத் ‘தமிழ்’ என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். செயலியில் அந்த வசதி இல்லையென்றால் அந்தச் செயலி உங்களுக்கு ஆகாது.

‘நன்றி வணக்கம்’: பாடத்தில் வீடியோ சப்டைட்டில் நிறைய இருந்திருக்கும் என்பது பொதுவான ஊகம். வீடியோ முடிவில் மௌனம் அல்லது இசை, அதற்கு மேல் நன்றி சொல்லும் வரி. மௌனம் வந்தால் அந்த வரி என்று படித்துவைத்திருக்கிறது. தீர்வு, மௌனத்தை அதன் காதில் போடாமலிருப்பது. விஸ்பரையே வேகமாக ஓட்டும் ஃபாஸ்டர்-விஸ்பர் என்ற மென்பொருளில் ‘விஏடி ஃபில்டர்’ என்று ஒன்று உண்டு. பேச்சுள்ள பகுதியை மட்டும் வெட்டிக் கொடுக்கும். அதன் வாசல் அளவு இயல்பில் 0.5. மெதுவாகப் பேசுகிறவர்கள் வெட்டுப்பட்டால் 0.35-க்கு இறக்குங்கள்.

ஒரே வரி திரும்பத் திரும்ப விழுவது: முந்தைய 30 வினாடிக்கு எழுதியதை அடுத்த 30 வினாடிக்குக் குறிப்பாகக் கொடுக்கிறது. ஒருமுறை தடம் புரண்டால் புரண்ட வரியே அடுத்ததற்கும் குறிப்பாகிவிடும். ‘கண்டிஷன் ஆன் ப்ரீவியஸ் டெக்ஸ்ட்’ என்பதை ஆஃப் செய்தால் சங்கிலி அறும். ஆனால் இதில் ஒரு பின்விளைவு இருக்கிறது. பெயர்களையும் துறைச் சொற்களையும் ‘இனிஷியல் ப்ராம்ட்’ (முன்குறிப்பு) வழியாகக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது முதல் துண்டுக்கு மட்டும்தான் நேரடியாகப் போகிறது, அடுத்தவற்றுக்கு இந்தச் சங்கிலி வழியாகத்தான் போகும். சங்கிலியை அறுத்தால் முப்பதாவது வினாடிக்குப் பிறகு உங்கள் சொற்பட்டியல் மறந்துபோகும். ஃபாஸ்டர்-விஸ்பரில் ‘ஹாட்வேர்ட்ஸ்’ என்று தனியாக இருக்கிறது, அது ஒவ்வொரு துண்டுக்கும் போகும். பட்டியலை அங்கே போடுங்கள்.

வாக்கியம் காணாமல் போவது தமிழுக்கே உரிய தொல்லை. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறியீடுதான். விஸ்பர் எழுதுவது டோக்கன் என்ற சொல் துணுக்குகளாக. அந்தப் பட்டியலில் ஆங்கிலத்துக்கு முழு முழுச் சொற்கள் இருக்கின்றன. தமிழ்ச் சொல்லோ உடைந்து பல டோக்கனாகிறது. மூல விஸ்பரில் ஒரு 30 வினாடித் துண்டுக்கு எழுத 224 டோக்கன்தான் அனுமதி. ஆங்கிலத்துக்கு அது தாராளம். படபடவென்று பேசும் தமிழுக்குப் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். நேரக்குறி ஆனில் இருந்தால், கடைசியாக முடிந்த நேரக்குறியிலிருந்து மறுபடி தொடங்கும், இழப்பு குறைவு. நேரக்குறி ஆஃபில் இருந்தால் மீதியை விட்டுவிட்டு அடுத்த 30 வினாடிக்குத் தாவிவிடும், விட்ட தடயமே இருக்காது. ஆகவே நேரக்குறி எப்போதும் ஆன். ‘சங்க் லெங்த்’ (துண்டின் நீளம்) 15 வினாடி வைத்துப் பாருங்கள். சொற்பட்டியலுக்கும் இதே கஞ்சத்தனம்தான். முன்குறிப்புக்கும் ஏறக்குறைய அதே அளவு இடம்தான், ஆகவே இருபது சொல்லுக்கு மேல் போகாதீர்கள். இயக்குநர் பெயர்கள், ஊர்கள், ‘குவிண்டால்’, ‘விரலி’, ‘கிழங்கு’ என்ற மஞ்சள் வகைகள் போதும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. ஒரே வரி திரும்ப விழுவதைக் கண்டுபிடிக்க விஸ்பர் தான் எழுதியதை ஜிப் மாதிரி சுருக்கிப் பார்க்கிறது. அதிகம் சுருங்கினால், ‘திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன்’ என்று முடிவுகட்டி ‘வெப்பநிலை’யைக் (சொல் தேர்வில் தற்செயலின் அளவு) கூட்டி மறுபடி முயலும். அந்த எல்லை 2.4, எல்லா மொழிக்கும் ஒன்றே. தமிழ்க் குறியீடுகளின் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்று. ஆகவே நல்ல தமிழ்ப் பத்தியே ஆங்கிலத்தைவிட அதிகம் சுருங்கும். சரியாக எழுதியதையே அது சந்தேகப்பட்டு அழித்து எழுதுவதுண்டு. வேகம் குறைவதற்கும், ஒரே கோப்பை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு விதமாக வருவதற்கும் இது ஒரு காரணம். கையால் திருத்திய பத்தி ஒன்றை எடுத்து, அதன் பைட் அளவைச் சுருக்கிய அளவால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணுக்குச் சற்று மேலே ‘கம்ப்ரெஷன் ரேஷியோ த்ரெஷோல்டு’ வையுங்கள்.

உங்கள் 8 ஜிபி கார்டு போதும். விஸ்பரின் பெரிய அளவான லார்ஜ் மாடலை மூல விஸ்பரில் ஓட்ட சுமார் 10 ஜிபி வேண்டும். ஃபாஸ்டர்-விஸ்பரில் மாடலின் எண்களைச் சுருக்கி வைக்கும் இன்ட்8 வடிவத்தில் சுமார் 3 ஜிபி, ஃப்ளோட்16-இலும் 5-க்குள் அடங்கும். லார்ஜ்-வி3 எடுங்கள்.

---

பவானிக்கரை பதில்:

மேல ரெண்டு பேரும் சொன்னதைச் செஞ்சாலும் சுருக்கத்துல வர்ற தப்பு அப்படியேதானுங்க இருக்கும். அது வேற மாடலோட வேலை. எழுத்தாக்கினதை வாங்கி ஒரு மொழி மாடல் சுருக்குது. அது ஒலியைக் கேக்கறதே இல்லை. எழுத்துல தப்பா இருந்தா அதை நம்பி அழகா ஒரு வாக்கியம் பண்ணிக் குடுத்துரும். எழுத்தாக்கத்துல தப்பு கண்ணுக்குத் தெரியும், சுருக்கத்துல தெரியாது. அதான் ஆபத்து.

நம்ம பேச்சுல எங்கெங்க விழும்னு பாருங்க. ‘பணம் இந்த மாசம் வருதுங்க’, ‘பணம் இந்த மாசம் வராதுங்க’. வேகமாச் சொன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். ‘முடியுது’, ‘முடியாது’ம் அப்படித்தான். ஃபேன் சத்தத்துல அது போச்சுன்னா தீர்மானமே தலைகீழ்.

அப்புறம் தொகை. மண்டிப் பேச்சுல ‘பதிமூணு ஐநூறு’ன்னா குவிண்டால் 13,500 ரூபா. மாடல் 13-ஐத் தனியா, 500-ஐத் தனியா எழுதும். சுருக்கம் அதை வெச்சு ‘13 பேருக்கு 500’னு எழுதினாலும் ஆச்சரியப்படாதீங்க. ‘ரெண்டு லட்சத்து இருபது’ன்னா நமக்கு 2,20,000. அதுக்கு 2,00,020. ‘ஒன்னேகால்’, ‘ஒன்னே முக்கால்’ ரெண்டும் கால், முக்கால்னு மாறும். இதுக்கு அமைப்புல மருந்து கிடையாது. பேசற எடத்துலதான் மருந்து: தொகை வந்தா தலைவர் ஒருக்கா முழுசாத் திருப்பிச் சொல்லோணும், ‘குவிண்டாலுக்குப் பதிமூணாயிரத்து ஐநூறு ரூபாய்’னு.

முடிவு ஆகாதது முடிவா வர்றதுக்கும் வழி அதே மாதிரிதான். நம்மாளுக ‘பண்ணிரலாம்’, ‘அப்படியே பாத்துக்கலாம்’னு பேச்சை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிருவாங்க. அது சம்மதமா, தட்டிக் கழிக்கறதான்னு அங்க உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் தெரியும். எழுத்தைப் பார்க்கற மாடலுக்கு எல்லாமே சம்மதம். அதனால ஒவ்வொரு பொருளும் முடியறப்ப தலைவர் ‘தீர்மானம் எண் நாலு’ன்னு சொல்லி, தீர்மான வாசகத்தை மெதுவாப் படிச்சு, முன்மொழிந்தவர் பேரு, வழிமொழிந்தவர் பேரு சொல்லிரட்டும். அரை நிமிசம்தான். மினிட்ஸுக்கு அது எப்படியும் வேணும். எழுத்துல ‘தீர்மானம் எண்’னு தேடினா நேரா அந்த எடத்துக்குப் போயிரலாம்.

சுருக்கச் சொல்றப்ப வெறுமனே ‘மினிட்ஸ் எழுது’ன்னு குடுக்காதீங்க. இப்படிக் கேளுங்க:

‘தீர்மானம் எண்’ என்று அறிவிக்கப்பட்டதை மட்டும் தீர்மானம் என்று எழுது. மற்றவை ‘விவாதம்’. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரக்குறியும், பதிவில் உள்ள வரியை மாற்றாமல் அப்படியேயும் கொடு. வரி காட்ட முடியாததை எழுதாதே. வினைக்கு எழுவாய் வெளிப்படையாக இல்லையென்றால் பெயரை நீயாகச் சேர்க்காதே, ‘யார் என்று தெளிவில்லை’ என்று போடு. எண்களை வார்த்தையில் எப்படி வந்ததோ அப்படியே விடு.

எழுவாய் பத்தினது முக்கியமுங்க. ‘நான் வங்கிக்குப் போயிட்டு வந்தர்றேன்’னு யாரும் முழுசாச் சொல்றதில்லை, ‘போயிட்டு வந்தர்றேன்’தான். பேரு வேணும்னு கேட்டா, அதுக்கு முன்னாடி பேசினவர் பேரை எடுத்து ஒட்டிரும்.

ரெண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சுல குடுக்காதீங்க. நிகழ்ச்சி நிரல் பொருள் வாரியா வெட்டிக் குடுங்க. நீளமாக் குடுத்தா நடுவுல இருக்கறது லேசாப் போயிரும்.

---

மூன்றாம்தடம் பதில்:

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், சில இடங்களில் மாறுபாடு.

ஒலிப்பெட்டி சொன்ன ‘சத்தம் நீக்கு ஆஃப்’ சரி. ஆனால் ஒலியை அப்படியே கொடுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுவதில் எந்தச் சேதமும் இல்லை. ஃபேன் காற்று மைக்கில் மோதும் உறுமல் அங்கேதான் இருக்கிறது. இரண்டு போன் தடங்களையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம். ஒரே குரல் சிறு தாமதத்தோடு இரண்டு முறை சேர்ந்தால் குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். தனித்தனியே ஓட்டி, ஒவ்வோர் இடத்திலும் எது தெளிவோ அதை எடுங்கள்.

யார் பேசியது என்பதை இயந்திரத்திடம் விட்டால் பத்துப் பேர் ஒரே மைக் என்பது மிகக் கடினமான வகை. பையன்னோட் போன்ற கருவிகள் குரலைக் கூறுபடுத்தி ‘பேசுபவர் 1, 2’ என்று எண் கொடுக்கும். பேர் எண்ணிக்கையை முன்கூட்டியே சொன்னால் முடிவு நன்றாக வரும், சொல்லாவிட்டால் ஒருவரையே இரண்டாகப் பிரிக்கும். ‘ம்’, ‘ஆமாங்க’, ‘சரிங்க’ போன்ற ஒரு வினாடிப் பேச்சுக்கு அது கொடுக்கும் எண்ணை நம்பாதீர்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடமும் அப்படியே. யாராவது ஜூமில் சேர்கிறார்கள் என்றால், கம்ப்யூட்டரில் பதிவாகும் முறையில் ஒவ்வொருவர் ஒலியையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்குங்கள், அவர்கள் பங்குக்கு ஆளை ஊகிக்கும் வேலையே இல்லை.

மாடல் விஷயம். 2024-இல் வந்த லார்ஜ்-வி3-டர்போ பல மடங்கு வேகம் என்று எல்லாரும் தாவுகிறார்கள். அதில் எழுதும் பகுதியின் 32 அடுக்கை 4 ஆகக் குறைத்திருக்கிறார்கள். தாய், காண்டனீஸ் போன்ற சில மொழிகளில் தரம் அதிகம் இறங்குகிறது என்று வெளியிட்டவர்களே சொன்னார்கள். மாதம் ஒரு கூட்டத்துக்கு வேகம் எதற்கு? ராத்திரி ஓட விட்டுப் போகலாம். ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவின் இண்டிக்கன்ஃபார்மர் என்ற எழுத்தாக்க மாடலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்திய மொழிகளுக்கென்றே பயிற்றுவித்தது. வட்டாரப் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றாமல் கேட்டபடி எழுதுவதில் சில இடங்களில் இதுவே மேல். ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் வரும், நிறுத்தக்குறி எதிர்பார்க்காதீர்கள்.

எது உங்களுக்கு மேல் என்பதை எங்கள் யாருடைய சொல்லிலும் முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். உங்கள் பதிவிலிருந்தே ஐந்து நிமிடம் வெட்டுங்கள். தெளிவானவர் இரண்டு நிமிடம், கோடியில் இருப்பவர் இரண்டு, எல்லாரும் ஒன்றாகப் பேசுவது ஒன்று. அதைக் கையால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு செயலி கொடுத்ததையும் ஒப்பிடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சொற்பிழை வீதம்’ தமிழுக்கு நியாயமான அளவுகோல் இல்லை. ‘வந்துகொண்டிருக்கிறது’ என்பதை ‘வந்து கொண்டிருக்கிறது’ என்று பிரித்துவிட்டால் பொருளில் பிழை இல்லை, கணக்கில் இரண்டு பிழை. ஒற்று மிகாவிட்டாலும் பிழை. எழுத்துப்பிழை வீதத்தைப் பாருங்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடு என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. விஸ்பரோடு வரும் பொதுவான எழுத்துச் சீராக்கியைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம். அது புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாவற்றையும் வேண்டாத குறி என்று துடைத்துவிடும். ‘வருது’வும் ‘வராது’வும் அதற்கு ஒன்றே. அதை வைத்து எடுத்த துல்லிய எண்களை விளம்பரத்தில் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

பிழை வீதத்தைவிட முக்கியமான இன்னொரு கணக்கு: அந்த ஐந்து நிமிடத்தில் உள்ள பெயர், தொகை, தேதி, எதிர்மறை வினை இவற்றை மட்டும் வட்டமிட்டு, எத்தனை சரி என்று பாருங்கள். 95 சதவீதம் எழுத்து சரியாக வந்து, விலை மூன்றும் தவறினால் அந்தச் செயலியால் உங்களுக்குப் பயனில்லை.

---

மஞ்சள்மேடு:

எல்லாருக்கும் நன்றி. ஆடாசிட்டியில் பார்த்தேன், அந்த ஆறு நிமிடமும் நேர்கோடு. கால் லாகிலும் அதே நேரத்தில் அழைப்பு இருக்கிறது. மொழியைத் ‘தமிழ்’ என்று வைத்துப் பழைய கோப்பை மறுபடி ஏற்றினேன், ஆங்கிலம் போய்விட்டது.

இரண்டு கேள்வி மிச்சம். கம்ப்யூட்டரில் விஸ்பர் அமைக்கும் வரை செயலியிலேயே ஓட்ட வேண்டும், ஆனால் கோப்பு 25 எம்பிக்கு மேல் போனால் மறுக்கிறது. அதோடு, ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் இன்னோர் இடத்தில் தமிழிலும் வருகிறது. மினிட்ஸுக்கு எல்லாம் தமிழ் எழுத்தில் வேண்டும்.

---

துண்டுக்கணக்கு பதில்:

25 எம்பி என்பது ஓப்பன்ஏஐ ஏபிஐயின் (பிற செயலிகள் விஸ்பரை அழைக்கும் இணைய வாசல்) வரம்பு, உங்கள் செயலி அதை அப்படியே உங்களிடம் தள்ளுகிறது. நீங்கள் வேவ் கோப்பாக ஏற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் என்றாலே நிமிடத்துக்கு 1.9 எம்பி, 13 நிமிடத்தில் வரம்பு தொட்டுவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் கருவியில், சுருக்கிச் சேமிக்கும் ஓபஸ் வடிவத்துக்கு, மோனோ, 24 கேபிபிஎஸ் என்று மாற்றுங்கள். மணிக்கு சுமார் 11 எம்பி, இரண்டு மணி நேரமும் 22-இல் அடங்கும். பேச்சுக்கு அந்த அளவு போதும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். கூட்டம் இரண்டு மணிக்கு மேல் நீண்டால், நிரல் பொருள் மாறும் இடத்தில் ஒருமுறை வெட்டுங்கள், வாக்கிய நடுவில் வேண்டாம். இரண்டாம் பாதியின் நேரக்குறி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், வெட்டிய நேரத்தைக் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

எழுத்து மாறுவதற்கு: முன்குறிப்பில் சொற்களை அடுக்காமல், உங்களுக்கு வேண்டிய நடையில் ஒரு வாக்கியமாகவே கொடுங்கள். ‘ஜிஎஸ்டி இன்வாய்ஸ், ஷேர் கேபிடல், மாய்ஸ்சர் பற்றி இயக்குநர்கள் பேசினார்கள்’ என்பது போல. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பார்த்தால் அதே வழியில் எழுத முனையும். முழுசாகக் கட்டுப்படாது, மிச்சத்தைத் தேடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

---

பவானிக்கரை பதில்:

மாத்தறப்ப ஒரு சொல் ஒரு சொல்லா மாத்துங்க, ‘எல்லாத்தையும் தமிழ் எழுத்துல மாத்திக் குடு’ன்னு மொழி மாடல்கிட்ட முழுப் பதிவையும் குடுத்துராதீங்க. மாத்தற சாக்குல வாக்கியத்தையும் சேத்துத் திருத்திரும். ‘வராதுங்க’ங்கறதை ‘வரும் என எதிர்பார்க்கப்படவில்லை’ன்னு எழுதி வெக்கும், அப்புறம் பதிவுல அந்த வரியைத் தேடினா கெடைக்காது. இருபது முப்பது சொல்தான் வரும். ரெண்டு பத்தியா ஒரு எக்செல் போட்டு வெச்சுக்கிட்டா ஒவ்வொரு மாசமும் அதையே ஓட்டிக்கலாமுங்க.

அப்புறம், பதிவு பண்றதை நிகழ்ச்சி நிரல் நோட்டீஸ்லயே ஒரு வரி போட்டுருங்க. கூட்டம் ஆரம்பிக்கறப்பவும் தலைவர் வாயால ஒருக்கா சொல்லிரட்டும். மினிட்ஸ் கையெழுத்தானதுக்கு அப்புறம் ஒலியை எத்தனை நாள் வெச்சிருக்கறதுன்னும் அன்னைக்கே பேசி முடிவு பண்ணிக்குங்க. செயலியோட சர்வர்ல கெடக்கற நகலையும் சேர்த்துத்தான் சொல்றேன். போன்ல அழிச்சா அங்க அழியாது, அவங்க வெப்சைட்டுல கணக்குக்குள்ள போய்த் தனியா அழிக்கோணும்.